காட் மீன்: வற்றாது என்று நம்பிய செல்வம்

மருந்துக் கடையில் தேன் நிறத்தில், உள்ளே எண்ணெய் ததும்பும் சிறு குளிகைகளைப் பார்த்திருப்பீர்கள். சிறுவயதில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை விழுங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. மெலிந்த பிள்ளை தேற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வாங்கிக் கொடுக்கும் ‘மீன் எண்ணெய்’ அது. புட்டியின் மேல் ‘காட் ஈரல் எண்ணெய்’ என்று அச்சிட்டிருக்கும். ஈரல் தெரியும், காட் என்பது என்ன?

நம் கடற்கரைச் சந்தைகளில் தேடினால் அந்த மீன் கிடைக்காது. வஞ்சிரம், சங்கரா, மத்தி, நெத்திலி முதலியவை வெப்பக் கடலின் மீன்கள். காட், குளிர்க்கடலின் மீன். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பல நூற்றாண்டுகளாகச் சோறு போட்ட மீன் என்று இதைச் சொல்லலாம். இதற்காக நாடுகள் போர்க்கப்பல்களை அனுப்பியிருக்கின்றன. எவ்வளவு பிடித்தாலும் இது தீராது என்று பேரறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் இது மிகுதியாக இருந்த ஓரிடத்தில், 1992-ஆம் ஆண்டில், ஏறக்குறையத் தீர்ந்தே போயிற்று.

அது எப்படி நடந்தது? மீனைக் கணக்கெடுக்க அறிவியலாளர்களும் கருவிகளும் இருந்தபோதே ஏன் முன்கூட்டித் தெரியவில்லை? இதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இயற்பியல் ஆசிரியன்; மீனியல் அறிஞன் அல்லன். ஆனால் இந்த மீனின் கதையில் நாம் வகுப்பறையில் படிக்கும் உறைநிலை, பாயில் விதி, எதிரொலி ஆகிய மூன்றும் வருகின்றன. கடைசியில் அளவீட்டுப் பிழை என்னும் பாடமும் வருகிறது. அந்தக் கடைசிப் பாடம்தான் முக்கியமானது.

தோற்றமும் இயல்பும்

காட் மீனின் அறிவியல் பெயர் காடஸ் மோர்ஹுவா. முதுகில் மூன்று துடுப்புகள், வயிற்றுப்புறத்தின் பின்பகுதியில் இரண்டு துடுப்புகள், தாடையின் கீழே ஆட்டுத் தாடிபோல் ஒற்றை இழை, பக்கவாட்டில் வளைந்து செல்லும் வெளிறிய கோடு ஆகியவை இதன் அடையாளங்கள். உடல் பச்சையும் பழுப்பும் கலந்து புள்ளிகளுடன் இருக்கும். தாடையில் தொங்கும் இழை சுவையறியும் உறுப்பு. கடலடி மணலைத் தடவி இரை இருக்கிறதா என்று அறிய அது உதவுகிறது.

பொதுவாகப் பிடிபடும் காட் மீன் ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுடையது. ஆனால் விட்டுவைத்தால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்து பெரிதாக வளரும். 1895-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரைக்கப்பால் பிடிபட்ட ஒரு காட் 6 அடிக்கும் மேல் நீளமும் 211 பவுண்டு, அதாவது சுமார் 96 கிலோ எடையும் இருந்தது. ஒரு வளர்ந்த மனிதனைவிடக் கனமான மீன்!

இதன் உணவில் பாகுபாடு கிடையாது. கேப்லின் என்னும் சிறு மீன், ஹெர்ரிங், இறால், நண்டு எனக் கிடைத்ததையெல்லாம் விழுங்கும். தன் இனத்துக் குஞ்சுகளைக்கூட விடாது. உண்ட கொழுப்பைச் சதையில் சேர்க்காமல் ஈரலில் சேமித்து வைக்கிறது. இதனால் சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இருப்பதில்லை. ஈரலோ எண்ணெய்ப் பை ஆகிவிடுகிறது. அந்த எண்ணெயில் ஏ, டி ஆகிய இரு வைட்டமின்களும் மிகுதி. வெயில் குறைந்த வடநாடுகளில் குழந்தைகளின் எலும்பை வளைத்த ரிக்கெட்ஸ் நோய்க்கு இந்த எண்ணெய் மருந்தாக இருந்தது. 1922-இல் அமெரிக்க அறிஞர் மக்கல்லம் இதே எண்ணெயை ஆராய்ந்துதான் வைட்டமின் டி-யை இனங்கண்டார். கொழுப்பில்லாத சதைக்கும் ஒரு விளைவு உண்டு; அதைப் பின்னர் பார்ப்போம்.

குளிர்நீர் ஏன் வளமானது?

வட அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் காட் வாழ்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, வட கடல், பால்டிக் கடல் ஆகியவை இதன் இருப்பிடங்கள். பெரும்பாலும் 200 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில், 0 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள நீரில் இருக்கும்.

இவ்வளவு குளிரில் மீன்வளம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். இரண்டு காரணங்களைச் சொல்லலாம். சோடா புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாயு தங்குகிறது. வெயிலில் வைத்துத் திறந்தால் பொங்கி வெளியேறுகிறது. நீர் குளிரக் குளிர அதில் வாயு அதிகம் கரையும் என்பதே இதன் பொருள். 0 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 8 மில்லிலிட்டர் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் நாலரை மில்லிலிட்டர்தான். குளிர்நீரில் மீனுக்கு மூச்சு முட்டுவதில்லை.

அடுத்த காரணம், கடல் கலங்குவது. குளிர்காலத்தில் மேற்பரப்பு நீர் குளிர்ந்து அடர்த்தி கூடிக் கீழே இறங்குகிறது. கீழே கிடந்த நைட்ரேட், பாஸ்பேட் முதலிய உரச்சத்துகள் மேலே வருகின்றன. வசந்தத்தில் வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் வயல்போல் செழிக்கின்றன. அவற்றைச் சிறு மிதவை விலங்குகளும், அவற்றைக் கேப்லின் போன்ற சிறுமீன்களும், சிறுமீன்களைக் காட் மீனும் உண்கின்றன. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெப்பமான வளைகுடா நீரோட்டமும் சந்திக்கின்றன என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே ‘கிராண்ட் பேங்க்ஸ்’ என்னும் பரந்த கடலடித் திட்டு இருக்கிறது. பல இடங்களில் நூறு மீட்டர் ஆழம்கூட இல்லாத அத்திட்டுதான் நம் கதையின் முக்கியக் களம்.

உறையாத இரத்தம்

சாதாரண நீர் 0 டிகிரியில் உறைகிறது. உப்புக் கலந்த கடல்நீர் சுமார் −1.9 டிகிரி வரை உறையாது. மீனின் இரத்தத்தில் உப்பு கடல்நீரைவிடக் குறைவு. ஆகவே அது சுமார் −0.7 டிகிரியிலேயே உறைய வேண்டும். கடல் −1 டிகிரிக்குக் கீழே போகும் லாப்ரடார் குளிர்காலத்தில், கடல் திரவமாக இருக்க, அதனுள் நீந்தும் மீன் மட்டும் பனிக்கட்டியாகிவிட வேண்டுமல்லவா?

அப்படி ஆவதில்லை. குளிர்காலம் நெருங்கும்போது காட் தன் இரத்தத்தில் ஒருவகைச் சர்க்கரைப் புரதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. நீரில் உப்பைக் கரைத்தால் உறைநிலை குறைவது கரைந்த துகள்களின் எண்ணிக்கையால். இந்தப் புரதம் வேலை செய்யும் விதம் வேறு. இரத்தத்தில் தோன்றும் நுண்ணிய பனித்துகளின் மேல் இது ஒட்டிக்கொண்டு, அத்துகள் மேலும் வளராதபடி தடுக்கிறது. விதை விழுந்தாலும் முளை எழாமல் செய்வது போன்றது இது. ஆழமற்ற கரையோரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் இளங்குஞ்சுகள், பெரிய மீன்களைவிட இதை அதிகமாகச் சுரக்கின்றன. பெரியவை ஆழமான, சற்றே வெப்பமான நீருக்குப் போய்விட முடியும்.

இன்னொரு வியப்பும் உண்டு. உலகின் மறுமுனையான அண்டார்க்டிக் கடலில், காட் மீனுக்கு நெருங்கிய உறவே இல்லாத மீன்களிலும் ஏறக்குறைய இதே புரதம் இருக்கிறது. இரு இனங்களும் தனித்தனி வழியில் அதை அடைந்தன என்பது 1997-இல் மரபணு ஆய்வில் தெரியவந்தது. ஒரே இடரைச் சந்தித்த இரண்டு உயிர்கள், ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விடையை எழுதியிருக்கின்றன.

காற்றுப்பை: துணையும் துரோகமும்

காட் மீனின் உடலுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அதிலுள்ள வாயுவைக் கூட்டியும் குறைத்தும் மீன் தான் விரும்பிய ஆழத்தில் மிதந்து நிற்கும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 11 வளிமண்டல அழுத்தம். அங்கிருந்து மீனைச் சட்டென்று மேலே இழுத்தால், பாயில் விதிப்படி பையிலுள்ள வாயு 11 மடங்கு விரிய முயலும். இந்த மீனின் பைக்கு வாய்வழியாகக் காற்றை வெளிவிடும் குழாய் இல்லை. இரத்தத்தின் வழியே மெல்லத்தான் வாயுவைக் குறைக்க முடியும். ஆகவே பை வெடித்துவிடுகிறது. ஆழத்திலிருந்து வலையில் வந்த காட் மீனைத் திரும்பக் கடலில் விட்டாலும் அது பிழைப்பது உறுதியில்லை.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் காட், இந்தப் பையைச் சுற்றியுள்ள தசைகளை அதிரச் செய்து தாழ்ந்த உறுமல் ஒலி எழுப்பும். அதன் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 50. காற்றுப்பை ஓர் உடுக்கையாகவும் பயன்படுகிறது எனலாம்.

ஆனால் இதே பைதான் மீனைக் காட்டியும் கொடுக்கிறது. கப்பலிலிருந்து கடலுக்குள் ஒலித்துடிப்பு அனுப்பினால், அது நீரில் நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் செல்லும். மீனின் சதை அடர்த்தியில் நீரை ஒத்ததால் ஒலி அதனூடே சென்றுவிடும். வாயு நிறைந்த பையில் பட்டால் எதிரொலிக்கும். எதிரொலி 0.2 நொடியில் திரும்பினால் மீன் 150 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். 1935-இல் நார்வே நாட்டு அறிஞர் ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் தீவுகளுக்கருகே காட் கூட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை எதிரொலிப் படமாகவே பதிவு செய்து வெளியிட்டார். இருண்ட கடலுக்குள் மீன் ஒளிந்திருந்த காலம் அத்துடன் முடிந்தது.

லட்சக்கணக்கில் முட்டைகள்

ஒரு பெண் காட் தன் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 5 லட்சம் முட்டைகள் இடும். 10 கிலோ மீன் என்றால் ஒரு பருவத்தில் 50 லட்சம். முட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். நீரோட்டத்தில் மிதந்து செல்லும். இரண்டு மூன்று வாரங்களில் வெளிவரும் குஞ்சின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். கருவுணவு தீர்வதற்குள் அதன் வாய்க்கு ஏற்ற மிதவை உயிர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டினிதான். ஓர் ஆண்டில் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைப்பதற்கும் மற்றோர் ஆண்டில் அநேகமாக எல்லாமே மடிவதற்கும் இத்தகைய தொடக்க நாட்களே காரணமாகலாம் என்று நார்வே அறிஞர் யோஹன் யோர்ட் 1914-இல் விளக்கினார்.

இத்தனை முட்டையிடும் மீன் எப்படித் தீரும் என்று எண்ணுவது இயல்பு. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் மீன் ஆண்டுக்கு 50 லட்சம் வீதம் 10 ஆண்டுகள் முட்டையிட்டால் மொத்தம் 5 கோடி. கடலில் மீன் தொகை கூடாமலும் குறையாமலும் இருக்க, தாய் தந்தையருக்கு ஈடாக அந்த 5 கோடியில் 2 மட்டும் வளர்ந்து பெரிதானால் போதும். மீன் தொகை நூற்றாண்டுகளாக ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது என்றால், மீதி 4,99,99,998-ம் மடிந்தன என்றுதான் பொருள். முட்டைகளின் எண்ணிக்கை கடலின் செல்வத்தைக் காட்டவில்லை. அந்த மீன் சந்திக்கும் இழப்பைக் காட்டுகிறது. இத்தனை இட்டால்தான் இரண்டு தேறும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீன்பிடிப்புக்கு வருவோம்.

தூண்டில் காலம்

கொழுப்பில்லாத சதைக்கு ஒரு விளைவு உண்டு என்றேன். கொழுப்புள்ள மீன் காயவைத்தால் விரைவில் சிக்குவாடை அடிக்கும்; கொழுப்பற்ற காட் அப்படிக் கெடுவதில்லை. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஆயிரம் ஆண்டுகளாக உப்பே இடாமல் இதைக் கருவாடாக்குகிறார்கள். பாரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் கூட்டத்தை ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிடித்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரப்பந்தல்களில் தொங்கவிடுவார்கள். 0 டிகிரியை ஒட்டிய கடற்காற்றில் அது மே மாதம் வரை காய்ந்து, எடையில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கட்டைபோல் ஆன அந்தக் கருவாடு ஆண்டுக்கணக்கில் கெடாது. நீண்ட கடற்பயணங்களுக்கு அதுவே கட்டுச்சோறு ஆயிற்று.

1497-இல் இங்கிலாந்திலிருந்து சென்ற ஜான் காபட்டின் கப்பல் வட அமெரிக்கக் கரையை அடைந்தது. அங்குள்ள கடலில் கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாலே மீன் கிடைக்கிறது என்று அவருடைய குழுவினர் சொன்னதாக, அப்போது லண்டனில் இருந்த மிலான் நாட்டுத் தூதர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதன்பின் போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ், இங்கிலாந்து நாட்டுக் கப்பல்கள் ஆண்டுதோறும் நியூஃபவுண்ட்லாந்துக்குச் சென்றன. அப்போதைய கருவிகள் கைத்தூண்டிலும், ஒரே நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலும், கரையோரம் நிறுத்திவைக்கும் பெட்டி வலையும்தான். பனிமூட்டத்தில் சிறு படகுகளோடு காணாமற்போன மீனவர்கள் ஏராளம்.

இக்காலத்தில்தான், 1883-இல், ஆங்கில உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசினார். காட் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை. மனிதன் பிடிப்பது இயற்கையில் மடிவதோடு ஒப்பிடுகையில் அற்பம் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார்: இன்றைய மீன்பிடி முறைகளைப் பொறுத்தவரை. உலகம் முடிவை நினைவில் வைத்துக்கொண்டது; நிபந்தனையை மறந்துவிட்டது.

மிதக்கும் தொழிற்சாலைகள்

முறைகள் மாறின. நீராவியும் டீசலும் இழுவலையைக் கொண்டுவந்தன. பெரும் பை போன்ற அவ்வலையின் வாயை விரித்துப் பிடிப்பவை இருபுறமும் சாய்வாகக் கட்டிய இரு பலகைகள். காற்றில் பட்டம் சாய்ந்து நின்று உயர்வதுபோல, நீரின் விசையால் அப்பலகைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடி வலையை விரிக்கும். அடுத்து உறையவைக்கும் முறை வந்தது. மெல்ல உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் தோன்றித் தசைநாரைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் சிறு படிகங்களே தோன்றுவதால் மீன் புதிதுபோல் இருக்கும். லாப்ரடாரின் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைவதைக் கண்ட அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1920-களில் இதைத் தொழில்முறை ஆக்கினார்.

இவ்விரண்டையும் எதிரொலிக் கருவியையும் ஒரே கப்பலில் சேர்த்தால் என்ன ஆகும்? 1954-இல் பிரிட்டனில் ‘ஃபேர்டிரை’ என்னும் கப்பல் வந்தது. பிடித்து, வெட்டி, உறையவைத்து, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கும் மிதக்கும் தொழிற்சாலை அது. அதைப் பின்பற்றி சோவியத் ஒன்றியம், ஜெர்மனி, ஸ்பெயின் முதலிய நாடுகளின் கப்பல்கள் குவிந்தன. நியூஃபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கடலில் வாழும் ‘வடக்குக் காட்’ கூட்டத்திலிருந்து 1968 என்னும் ஒரே ஆண்டில் 8,10,000 டன் பிடிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில், 1978-இல், கிடைத்தது சுமார் 1,40,000 டன்தான்.

ஐஸ்லாந்து இதற்குமுன்பே விழித்துக்கொண்டது. தன் மீன்பிடி எல்லையை 12, 50, 200 கடல்மைல் எனப் படிப்படியாக விரித்து, 1958 முதல் 1976 வரை பிரிட்டனுடன் மூன்று ‘காட் போர்’களில் ஈடுபட்டது. பிரிட்டிஷ் இழுவலைகளின் கம்பிகளை ஐஸ்லாந்துக் காவல் படகுகள் அறுத்தெறிந்தன. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. கனடாவும் 1977-இல் 200 கடல்மைல் எல்லையை அறிவித்து, அதற்குள் அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. இனி மீன் பெருகும் என்று எல்லாரும் நம்பினார்கள். கனடாவின் சொந்த இழுவலைக் கப்பல்கள் பெருகின.

கணக்கு எங்கே தவறியது?

கடலிலுள்ள மீனை நேரடியாக எண்ண முடியாது. மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையங்களைப் போல ஆண்டு வளையங்கள் தெரியும். அதிலிருந்து வயதை அறியலாம். தொகையை அறியக் கனடா அறிவியலாளர்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆய்வுக் கப்பல் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்ட சீட்டுபோல எங்கெங்கோ வலைவீசிச் சராசரி காண்பது. மற்றது, வணிகக் கப்பல்கள் ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு மீன் கிடைக்கிறது என்று பார்ப்பது. மணிக்குக் கிடைக்கும் மீன் கூடினால் கடலில் மீன் கூடியிருக்கிறது, குறைந்தால் குறைந்திருக்கிறது என்பது இரண்டாவது வழியின் அடிப்படை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

1980-களில் வணிகக் கப்பல்களின் பிடிப்பு குறையவில்லை. ஆகவே மீன் பெருகி வருகிறது என்று கணக்குச் சொன்னது. ஆனால் கரையோரத்தில் சிறு படகும் பெட்டி வலையும் வைத்திருந்த மீனவர்கள் வேறுவிதமாகச் சொன்னார்கள்: மீன் வருவது குறைகிறது, வருவதும் சிறுத்துவிட்டது. அவர்களிடம் படிப்பும் கணக்கும் இல்லை என்று அவர்கள் பேச்சுக்கு உரிய எடை கிடைக்கவில்லை.

இப்போது நம்மூர் ஏரியை நினைத்துப் பாருங்கள். கோடையில் ஏரி வற்றும்போது மீனெல்லாம் நடுப்பள்ளத்தில் வந்து சேரும். ஊரே இறங்கி ஊத்தாக் கூடையால் அள்ளும். ஏரி நிறைந்திருந்தபோது ஒரு மணி நேரத்தில் கிடைக்காத மீன், அப்போது கிடைக்கும். அந்த ஒரு மணி நேரப் பிடிப்பைக் கொண்டு ஏரியில் மீன் பெருகிவிட்டது என்று யாராவது கணக்கிட்டால் சிரிக்கமாட்டோமா?

நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது அதுதான். கடல் வற்றவில்லை, மீன் குறைந்தது. காட் கூட்டமாக வாழும் இயல்புடையது. தொகை குறையக் குறைய, எஞ்சியவை சில இடங்களில் நெருங்கித் திரண்டன. எதிரொலிக் கருவி பொருத்திய கப்பல் அந்தத் திரளைத் தேடிப்பிடித்து அதன்மேல் வலையை இறக்கியது. கடைசிக் கூட்டம் இருக்கும்வரை மணிக்குக் கிடைக்கும் மீன் குறையவேயில்லை. கருவியும் ஆண்டுக்காண்டு மேம்பட்டது. மேம்பட்ட கருவியால் வந்த கூடுதல் பிடிப்பையும் கடலின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள். நிறுத்த இடத்திலேயே நின்று, மீன் தேடி வரும்வரை காத்திருந்த கரையோர வலைதான் உண்மையில் நல்ல அளவுகோலாக இருந்தது. அது மீனைத் துரத்தவில்லை; ஆகவே பொய் சொல்லவும் இல்லை.

1989-இல் பிழை வெளிப்பட்டது. ஆண்டுக்கு 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று அறிவியலாளர்கள் கணக்கிட்டார்கள். அரசோ வேலை இழப்புக்கு அஞ்சி 2,35,000 டன் அனுமதித்தது. அதற்குப்பின் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்தது. கேப்லின் சிறுமீனும் குறைந்தது. 1992 ஜூலை 2-ஆம் நாள் கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி வடக்குக் காட் பிடிப்புக்குத் தடை அறிவித்தார். அறுபதுகளில் இருந்த மீன் தொகையில் அப்போது நூற்றில் சில பங்குகூட மிஞ்சவில்லை. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மீனை நம்பி வாழ்ந்த கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள்.

திரும்பி வருமா?

தடை இரண்டு ஆண்டுகளுக்கு என்றுதான் அறிவித்தார்கள். பிடிப்பதை நிறுத்தினால் லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன் விரைவில் நிறைந்துவிடும் என்ற அதே பழைய நம்பிக்கை. தடை 32 ஆண்டுகள் நீண்டது.

ஏன்? பெரிய, வயதான பெண் மீன்கள் போய்விட்டன; தரமான முட்டைகளை ஏராளமாக இடுபவை அவைதான். பெரிதாக வளர்ந்தவற்றையே வலை தொடர்ந்து அரித்தெடுத்ததால், சிறுத்த உடலுடன் இளவயதிலேயே முட்டையிடும் மீன்கள் மிஞ்சின. முன்பு சுமார் 6 வயதில் பருவமடைந்த வடக்குக் காட், வீழ்ச்சிக் காலத்தில் 5 வயதிலேயே பருவமடைந்தது. இரையான கேப்லினும் மீளவில்லை. காட் இல்லாத கடலில் இறாலும் நண்டும் பெருகின. ஒரு வீட்டில் குடியிருந்தவர் போனபின் வேறொருவர் வந்து அமர்ந்துகொள்வதைப் போன்றது இது.

2024 ஜூன் மாதம் கனடா அரசு தடையை நீக்கி, அவ்வாண்டுக்கு 18,000 டன் பிடிக்க அனுமதித்தது. 1968-இன் பிடிப்பில் இது 45-இல் ஒரு பங்கு. இதுவும் அவசரம் என்று சொல்லும் அறிவியலாளர்கள் உண்டு.

எல்லா இடத்திலும் இதே கதை என்று எண்ண வேண்டாம். பாரன்ட்ஸ் கடலில் நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து அளவு விதிக்கின்றன. 1990-ஐ ஒட்டி மீன் குறைந்ததும் அங்கே பிடிப்பைக் கடுமையாகக் குறைத்தார்கள், மீன் மீண்டது. 2013-இல் 10 லட்சம் டன் அனுமதிக்கும் அளவுக்குப் பெருகியது. பின்னர் மீண்டும் சரிந்ததால் 2025-க்கு 3,40,000 டன்னாக அளவைக் குறைத்திருக்கிறார்கள். நலிவைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்வதுதான் இங்குள்ள வேறுபாடு.

ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது, அளவெடுக்குமுன் கருவியின் பிழையைப் பார் என்பதுதான். சுழிப்பிழை உள்ள திருகு அளவியைக் கொண்டு பத்து முறை அளந்தாலும் பத்து முறையும் அதே தவறான விடைதான் வரும். விடைகள் ஒத்துப்போகின்றனவே என்று மனம் நிறைவடைவது அப்போது ஆபத்து. நியூஃபவுண்ட்லாந்தில் அளவிட்டவர்கள் மூடர் அல்லர். கருவி எதை அளக்கிறது என்று கேட்கத் தவறினார்கள். மணிக்கு இத்தனை டன் என்ற எண், கடலிலிருந்த மீனை அளக்கவில்லை. மீனைத் தேடிப்பிடிக்கும் மனிதனின் திறமையை அளந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை அந்தத் தேன்நிறக் குளிகையைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு, காடு, கடல் என்று எதைப் பற்றியாவது, இன்னும் எளிதாகக் கிடைக்கிறதே, ஆகவே நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: எளிதாகக் கிடைப்பது அது நிறைய இருப்பதாலா, அல்லது நாம் அள்ளும் கருவி பெரிதாகிவிட்டதாலா?